நார்மன் சக்டனும் ஆறு படிகளும்

நார்மன் சக்டன் குழிக்குள் இறங்கியது வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. அவர் இறங்கிய படிக்கட்டை மூடியது பதினொரு மணிக்கு. குழியின் ஆழம் அவர் மார்பு வரைதான். மதியம் இரண்டரைக்கு அவருடைய முழங்காலைப் பெரிய ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் பார்ப்பதாக ஏற்பாடு. அந்தத் தேதிக்காக மனிதர் பத்தொன்பது மாதம் காத்திருந்தார். அன்றைக்குப் போகாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம், திரும்ப உள்ளூர் டாக்டரிடம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இதைச் சொல்லும் நான் அதே இடத்தில் மண் அள்ளிப்போகும் டம்பர் வண்டி ஓட்டுகிறவன், பெயர் பாலா. அந்த நாளை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் மண்வேலைக்காரர்கள். யார்க்‌ஷயர் மலைச்சரிவில் ஒரு கம்பெனி ஆட்டு மேய்ச்சல் நிலத்தை வாங்கி, "வானம்பாடி மேடு" என்று பலகை நட்டு, எண்பத்து நாலு வீடு கட்டுகிறது. நாங்கள் போன முதல் வாரமே வானம்பாடிகள் இடத்தைக் காலி செய்துவிட்டன. இந்த மாதிரி இடத்துக்கு முதலில் போகிறவர்கள் நாங்கள்தான். அஸ்திவாரம் தோண்டுவது, சாக்கடைக் குழாய் பதிப்பது, கான்கிரீட் கொட்டுவது, பாதை போடுவது எல்லாம் எங்கள் தலையில். கொத்தனார் வரும்போது அவருக்குச் சாரம் இருக்கும். தச்சர் வரும்போது மாடிப்படி இருக்கும். வீடு பார்க்க வருகிற தம்பதிக்குச் செருப்பில் ஒரு பொட்டு சேறு ஒட்டாமல் நடக்கக் கல் பாவிய பாதையும் கைப்பிடியும் இருக்கும். இத்தனைக்கும் அடிபோடுகிறவன் வரும்போது மட்டும் அங்கே ஒன்றும் இருக்காது. சேறு இருக்கும், மழை இருக்கும்.

நார்மனுக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்து நாலு வருஷம் குழிக்குள் குதித்தவர். ஏறுவதற்கு, விளிம்பில் முழங்காலை ஊன்றி வயிற்றால் ஊர்ந்து வருவார். இளவயதில் பொக்லைனின் மண் அள்ளும் தொட்டியில் உட்கார்ந்து மகாராஜா மாதிரி மேலே வந்ததாகச் சொல்வார், அப்போதெல்லாம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குழியின் அடிமட்டத்தை அவரைப்போலச் சுத்தமாகத் தட்டி எடுக்க எங்கள் கூட்டத்தில் ஆள் கிடையாது. ஒரு உதிரி மண்கட்டி கிடக்காது. அந்த வேலைக்கு அவர் கொடுத்த விலை வலது முழங்கால். மாடியில் படுக்கையறை இருக்க, ஒரு வருஷமாக அவர் கீழே கூடத்து சோபாவில்தான் படுக்கிறார் என்று அவர் மனைவி பெரில் என்னிடம் சொன்னாள். கேட்டால் டிவி அங்கே நன்றாகத் தெரிகிறது என்பாராம்.

படிக்கட்டைக் கொண்டுவந்தவள் இமோஜென் ஹாலம். இருபத்தேழு வயதுப் பெண், கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. ஜனவரி மாதம் ஒருநாள் நார்மன் சேற்றில் ஊர்ந்து வெளியே வருவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"தினமும் இப்படித்தான் வெளிய வர்றீங்களா?" என்றாள்.

"வேற எப்படி வர்றது, கண்ணு?" என்றார் நார்மன். இங்கே பெரிசுகள் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள், மீசை வைத்த பொக்லைன் டிரைவரையும் சேர்த்து.

அந்தப் பெண் தலைமை அலுவலகத்தோடு ஏழு வாரம் சண்டை போட்டாள். கடைசியில் வந்து சேர்ந்தது அலுமினியப் படிக்கட்டு. ஆறு படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே தானாகச் சாத்திக்கொள்ளும் சின்னக் கதவு. எங்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கப்பலுக்குப் போறீங்களா பெரியவரே என்று நானே கேட்டேன். நார்மன் சிரிக்கவில்லை. முதல் நாள் வேலையே இல்லாமல் நாலு தரம் ஏறி இறங்கினார். அவருக்காக ஒருத்தர் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தது அந்த வேலையில் அதுதான் முதல் தடவை. இமோஜெனுக்கு மறுநாள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அவள் மாமிசம் சாப்பிடாதவள், ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

படியோடு ஒரு சட்டமும் வந்தது. ஏழு நாளைக்கு ஒருமுறை டெரிக் மாட்டாக் என்ற படி சோதனைக்காரர் வந்து ஆட்டிப் பார்த்து, பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுச் செருக வேண்டும். நேரம் தாண்டிவிட்டால் சீட்டைத் திருப்பிச் சிவப்பாக்க வேண்டும். சிவப்பாக்க யாருக்கும் உரிமை உண்டு. மறுபடி பச்சையாக்க டெரிக் ஒருவருக்குத்தான் உரிமை. போன வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு டெரிக் இரண்டு வாரம் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வரவேண்டியவர் வியாழக்கிழமை வேறொரு இடத்தில் ஒரு படிக்கட்டைச் சோதிக்கும்போது அதிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் எதையும் மிகைப்படுத்தவில்லை.

அன்றைக்கு நார்மன் லீவு போட்டிருக்கலாம். பன்னிரண்டு மணிக்குக் கான்கிரீட் வருகிறது, அடிமட்டம் சரியாக இல்லை, ஒரு மணிக்குள் முடித்துவிட்டுப் போகிறேன் என்று வந்துவிட்டார். வீட்டு அஸ்திவாரக் குழி என்பது ஒரு வாய்க்கால் வீட்டைச் சுற்றி ஓடுகிற மாதிரி இருக்கும். அவர் அதன் ஒரு மூலையில் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு இமோஜென் வந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், சீட்டைத் திருப்பினாள், கதவைப் பிளாஸ்டிக் கட்டுப் போட்டு இறுக்கினாள், போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். அப்புறம்தான் குழிக்குள் ஒரு ஹெல்மெட் நகர்வதைப் பார்த்தாள்.

"நார்மன், நீங்க உள்ளயா இருக்கீங்க?"

"இல்ல கண்ணு, இது என் தம்பி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் இப்பத்தான் சிவப்புப் போட்டேன்."

"சரி, எடுத்துடு."

"எடுக்க முடியாது. டெரிக்தான் எடுக்கணும்."

"அவன் எங்க?"

"ஸ்பெயின்ல."

நான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். "கையக் குடுங்க பெரியவரே, ஒரே இழுப்புல தூக்கிடறேன்" என்றேன். நார்மன் விரலை மேலே காட்டினார். கம்பத்தின் உச்சியில் கேமரா. குழியை விட்டுப் படியில்லாத வழியாக ஏறினாலும் குற்றம், சிவப்புச் சீட்டுப் போட்ட படியில் ஏறினாலும் குற்றம். இரண்டுக்கும் மஞ்சள் அட்டை. மூன்று மஞ்சள் அட்டை வாங்கினவனுக்கு அந்தக் கம்பெனியின் எந்த வாசலும் திறக்காது. நார்மனிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒன்று, எண்பது கஜம் சுற்றிப் போகாமல் பலகை போட்டுக் குழியைத் தாண்டியதற்கு. இன்னொன்று, பாதுகாப்புக் கண்ணாடியில் விழுந்த மழையைத் துடைக்க அதைக் கழற்றியதற்கு. அறுபத்தொரு வயதில் துரத்தினால் இவரை எவன் வேலைக்கு வைப்பான்?

இடத்து மேனேஜர் ரஸ்ஸல் தாக்ரே காகிதக் கட்டோடு ஓடிவந்தான். எதற்கும் ஓடிவருகிற ஆள் அவன்.

"கான்கிரீட் இன்னும் ஒரு மணி நேரத்துல வருது. இவரு ஏன் இன்னும் உள்ள இருக்காரு?"

விஷயத்தைச் சொன்னோம். தலையைச் சொறிந்தான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். "நான் எதையும் பாக்கல. நான் அந்த மலையப் பாக்கறேன். யாராவது ஏறினா ஏறிக்கலாம்."

"நீ பாக்கலப்பா. அது பாக்குதே" என்றார் நார்மன் கம்பத்தைக் காட்டி.

கேமராவைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி ரஸ்ஸல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். அதற்கு ஒரு படிவம் உண்டாம், பூர்த்தி செய்து அனுப்பினால் மூன்று வேலை நாளில் பதில் வருமாம். அதுவரைக்கும் ஆள் உள்ளே பத்திரமாக இருப்பதாகப் படத்தில் தெரிகிறது, கவலைப்படாதீர்கள் என்று அந்த முனையிலிருந்து ஆறுதல் வேறு சொன்னார்கள்.

இமோஜென் டெரிக்கை வீடியோவில் பிடித்தாள். கடற்கரை நாற்காலியில், மூக்கில் வெள்ளைக் களிம்போடு, ஆள் நல்ல மனநிலையில் இருந்தார். போனைப் படிக்கட்டைச் சுற்றிக் காட்டினாள். அவரும் பொறுமையாகப் பார்த்தார்.

"அந்தக் கைப்பிடிய ஆட்டிக் காட்டு" என்றார்.

ஆட்டினாள்.

"ஆடுதே."

"நீங்கதான ஆட்டச் சொன்னீங்க!"

"ஆட்டினா ஆடக் கூடாதும்மா. இது தேறாது. நல்லவேளை, என்னக் கேட்டீங்க." டெரிக் சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார். இப்போது படிக்கட்டு வெறும் காலாவதியான படிக்கட்டு இல்லை, பழுதென்று கண்டுபிடிக்கப்பட்ட படிக்கட்டு. எனக்கு அந்தப் போனைப் பிடுங்கிக் கான்கிரீட்டில் போட வேண்டும்போல் இருந்தது.

மணி பதினொன்றே முக்கால். நாற்பது நிமிஷ ஓட்டம் ஆஸ்பத்திரிக்கு. ஒன்றே முக்காலுக்காவது கிளம்ப வேண்டும். நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

மீட்புத் திட்டம் என்று ஒரு காகிதம் இருப்பது இமோஜெனுக்கு ஞாபகம் வந்தது. எந்தக் குழிக்கும் அது ஒன்று உண்டு. எடுத்துப் படித்தாள். முதல் வரி: படிக்கட்டைப் பயன்படுத்தவும். இரண்டாம் வரி: ஆள் காயம்பட்டிருந்தால் தீயணைப்புப் படையை அழைக்கவும்.

"அப்ப நான் காயம்பட்டா வெளிய வந்துடலாமா?" என்று நார்மன் ஆர்வமாகக் கேட்டார்.

"ஐயோ, வேணாம்!" என்று ரஸ்ஸல் அலறினான். வாசலில் ஒரு பலகை: விபத்தில்லாமல் இருநூற்று நாற்பத்தேழு நாள். இருநூற்றைம்பதாவது நாள் திங்கட்கிழமை வருகிறது, டைரக்டர் கேக் வெட்ட வருகிறார்.

அடுத்து இமோஜெனுக்கு இன்னொன்று தோன்றியது. பாவம், அவளுக்குச் சட்டம் தெரிந்திருந்தது, அதுதான் அவளுக்குக் கஷ்டம். "குழிக்குள்ள ஒத்த ஆள் தனியா இருக்கக் கூடாது. கூட இன்னொருத்தர் இருக்கணும்."

"அப்ப ஒருத்தன் இறங்கட்டும்" என்றான் ரஸ்ஸல்.

"எது வழியா?"

ரஸ்ஸல் படிக்கட்டைப் பார்த்தான், சிவப்புச் சீட்டைப் பார்த்தான். கடைசியில் நான் குழியின் விளிம்பிலிருந்து ஒரு கஜம் தள்ளி உட்கார்ந்து காலைத் தொங்கப்போடாமல் பேசிக்கொண்டே இருந்தால் அவர் தனியாக இருப்பதாக ஆகாது என்று முடிவாயிற்று. சாப்பாட்டு வண்டி வந்தபோது எனக்கும் அவருக்கும் ஆளுக்கொரு பன்றிக்கறி ரொட்டி வாங்கினார்கள். அதைக் கையால் கொடுக்கக் கூடாது, குழிக்கு மேலே பொருளைத் தூக்கிக் கடத்துவது வேறொரு சட்டமாம். தூக்கி எறிந்தேன். எறிவதற்கு அதுவரை சட்டம் எழுதப்படவில்லை.

"உனக்கு ரொம்பச் சிரமம் குடுக்கறேன், பாலா" என்றார் வாய் நிறைய ரொட்டியோடு.

"எனக்கென்ன சிரமம்? நான் மேல இருக்கேன்" என்றேன். எரிச்சலில் கொஞ்சம் கத்திவிட்டேன்.

பன்னிரண்டுக்குக் கான்கிரீட் லாரி வந்தது. லாரி மேலிருக்கும் தொட்டி சுற்றிக்கொண்டே இருக்கும், நிறுத்தினால் உள்ளேயே இறுகிவிடும். லாரிக்காரன் இறங்கிவந்து குழியை எட்டிப் பார்த்தான். நார்மன் கையை ஆட்டினார்.

"இவரு மேலயே கொட்டணுமா?" என்று அவன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, அவனுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று இடம் இருந்தது.

ஒரு மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, ரஸ்ஸல் கண்ணில் தண்ணீரோடு அதை வேறு வீட்டுக் குழிக்கு அனுப்பினான். அந்தக் குழியின் அடிமட்டத்தை நார்மன் தட்டியிருக்கவில்லை. குழிக்குள்ளிருந்தே அவர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

ஒன்று பத்து. நான் இமோஜென் மேல் பாய்ந்தேன். "எம்மா, அந்தப் புஸ்தகத்துல குழின்னா என்னன்னு போட்டிருக்கு? எவ்வளவு ஆழம் இருந்தா அதுக்குப் பேரு குழி?"

புரட்டினாள். "முழங்கால் உயரத்துக்கு மேல இறக்கம் இருந்தா, படி இல்லாம ஏறி இறங்கக் கூடாது."

"யாரு முழங்கால்?" என்றான் ரஸ்ஸல்.

"அத உபயோகிக்கிற ஆளோட முழங்கால்னு போட்டிருக்கு."

எல்லோரும் நார்மனின் காலைப் பார்த்தோம்.

"எந்தக் கால்? வீங்கின காலா, நல்ல காலா?" என்று நார்மன் கேட்டார். "ரெண்டுக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் இருக்கு."

கேட்டுவிட்டுத் தன் முழங்காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர் மெதுவாக நிமிர்ந்தார். சுற்றியிருந்த மண்ணைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பொதுவாக வேலை தொடங்கும் முன் இடத்தை அளக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ரஸ்ஸல், நீங்க எல்லாம் காலைலேருந்து என்னய மேல ஏத்தறதுக்கு வழி தேடறீங்க" என்றார். "நாம யாரு? மண்ணு வெட்றவங்க. என்னய எதுக்கு ஏத்தணும்? மேல இருக்கறத கீழ இறக்குங்கப்பா."

இமோஜென் சட்டென்று காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தாள். தோண்டுவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், அது இல்லாமல் ஒரு மண்வெட்டி விழக் கூடாது. அவளுக்கு அது கிடைத்தது. அன்றைய தேதி, மாலை ஐந்து மணி வரை, அஸ்திவாரத்துக்கும் அதை ஒட்டிய தேவைக்கும் தோண்டலாம், பொறுப்பாளர்: நார்மன் சக்டன். "செல்லும்! இது செல்லும்!" என்று அந்தப் பெண் சேற்றில் குதித்தாள். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

எந்தப் பக்கம் வெட்டுவது என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் சாரம். ஒரு பக்கம் மின்சாரக் கம்பி புதைத்த தெரு. இன்னொரு பக்கம் கற்குவியல். மிச்சமிருந்தது, காட்சிக்காகக் கட்டிய மாதிரி வீட்டின் பக்கம். அங்கேதான் வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட நாங்களே புல்பாய் விரித்து, கல் பாவிப் பாதை போட்டு, கைப்பிடி நட்டிருந்தோம்.

"அது மட்டும் வேணாம்" என்றான் ரஸ்ஸல். "திங்கக்கிழமை டைரக்டர் அந்தப் பாதை மேலதான் நடந்து வருவாரு."

ரஸ்ஸல் நார்மனைப் பார்த்தான். பிறகு தன் கடிகாரத்தைப் பார்த்தான். அவனும் ஒரு மண்வேலைக்காரனின் மகன்தான். "வெட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பொக்லைன் ஓட்டுகிறவன் ஃபின்டன், அயர்லாந்துக்காரன், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பொக்லைனுக்குப் பத்து மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது என்பதால் நார்மன் வாய்க்கால் வழியாகவே நடந்து எதிர் மூலைக்குப் போனார், அங்கே நின்றுகொண்டு கையாலேயே வேலையை நடத்தினார். ஃபின்டன் புல்லை உரித்தான். பாதையை அள்ளினான். கைப்பிடியைப் பல் குத்தும் குச்சியை எடுப்பதுபோல எடுத்து ஓரமாக வைத்தான். நான் டம்பரில் மண்ணை வாங்கி வாங்கி ஓடினேன். அந்த நேரம் பார்த்து மாதிரி வீட்டுக்குள் ஒரு தம்பதி வீடு பார்க்க வந்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து அந்த அம்மாள், "இங்க குளம் வருதா? அதுக்குத் தனி விலையா?" என்று கேட்டாள். அதற்கும் ரஸ்ஸல்தான் போய்ப் பதில் சொன்னான்.

ஒன்று ஐம்பதுக்குக் குழியின் ஒரு பக்கம் சாய்வாக இறங்கியிருந்தது. இமோஜென் டேப்பை நீட்டி நடக்கிற வழி நெடுக அளந்தாள். எங்கேயும் முழங்கால் உயரத்துக்கு இறக்கமில்லை. "வாங்க" என்றாள். நார்மன் சாய்வில் மெதுவாக நடந்து மேலே வந்தார். ஒரு ஆளை ஆறு படி ஏற்றுவதற்குப் பதினேழு டம்பர் மண்ணை நாங்கள் இறக்கியிருந்தோம். கேமராவைப் பார்த்து அவர் ஹெல்மெட்டைத் தொட்டு வணக்கம் வைத்தார்.

அவரை என் வேனில் ஏற்றி விரட்டினேன். வாசலில் சக்கரம் கழுவாமல் வெளியே போகக் கூடாது, அதற்கு நாலு நிமிஷம். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம். ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கும்போது மணி இரண்டு இருபத்தொன்பது. இடுப்புவரை களிமண், தலையில் ஹெல்மெட், கையில் கடிதம். உள்ளே போனார். நான் வண்டி நிறுத்த இடம் தேடி அரைமணி சுற்றிவிட்டு மேலே போனபோது, அவர் டாக்டர் அறையிலிருந்து சிரித்த முகத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"நல்ல மனுஷன்ப்பா. எழுந்து கை குடுத்தாரு."

"ஆபரேஷன் எப்ப?"

"இப்ப வேணாமாம். மோசமானா கடிதம் போடச் சொன்னாரு."

எனக்குப் புரியவில்லை. "அவரு உங்கள என்ன கேட்டாரு?"

"முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"நீங்க?"

"பரவாயில்லன்னேன்."

இந்த ஊர்க்காரர்களை என்ன செய்வது? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இவர்கள் வாயில் வேறு வார்த்தை வராது. கையை வெட்டி இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, மழை இல்லையே என்பார்கள். அதை நாங்கள் டீக்கடையில் கேட்டுச் சிரிப்போம். ஆனால் டாக்டரிடமுமா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அந்த நடைக்கூடத்திலேயே, நாற்காலிகளில் காத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன்.

"பத்தொன்பது மாசம்யா! ஒரு மலைய வெட்டிக் கொண்டுவந்து உங்கள இங்க விட்டிருக்கோம். பரவாயில்லயா?"

"மெதுவாப் பேசு, பாலா" என்றார் நார்மன். காத்திருந்தவர்களை ஓரக்கண்ணால் காட்டினார். "அவரு ரொம்ப வேலையா இருந்தாரு. வெளிய இத்தனை பேர் உக்காந்திருக்காங்க. இவங்கெல்லாம் நெஜமாவே வலியோட வந்திருக்காங்க."

அவர் கையைப் பிடித்தேன், கதவைத் தட்டாமல் திறந்தேன். இளவயது டாக்டர், கணினியில் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இவரு உங்ககிட்ட பொய் சொல்லிட்டாரு டாக்டர்" என்றேன்.

டாக்டர் நார்மனைப் பார்த்தார். நார்மன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பூட்ஸிலிருந்து தரையில் உதிர்ந்த களிமண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழிக்குள் நின்ற மூன்று மணி நேரத்தில் அவர் முகத்தில் இல்லாத பயம் இப்போது இருந்தது.

"வலிக்குது, டாக்டர்" என்றார்.

"ஏறி இறங்கும்போதா?"

"நிக்கும்போது. படுக்கும்போதும்." ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினார். "எப்பவும்தான்."

டாக்டர் திரும்பி, தட்டியதை எல்லாம் அழித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். "எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

நார்மன் விரல் விட்டு எண்ணினார். "பதினாலு வருஷம் இருக்கும்" என்றார்.

நான் அவரோடு வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம்தான் ஆகிறது.